தனியாள் என்று எழுதிய வரிக் கணக்கு

பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கிற வெர்லினைப் பொறுத்தவரை வரிக் கணக்கு என்பது பணம் படைத்தவன் தலைவலி. வாய்க்கும் வயிற்றுக்குமே சரியாகப் போகிற சம்பளத்தில் அரசாங்கத்துக்கு எழுதிப்போட என்ன இருக்கிறது? கென்டக்கி மலைப்பக்கத்தில் எங்களில் பாதிப் பேர் இப்படி நினைத்துத்தான் வரவேண்டிய பணத்தைக் கோட்டை விடுகிறோம். இந்தப் பிப்ரவரியில் வண்டி படுத்துவிட்டது. அதனால்தான் சர்ச்சின் கீழ்த்தளத்தில் இலவசமாகக் கணக்கு எழுதித்தரும் ஓப்பல் டீச்சரிடம் வந்து உட்கார்ந்தான்.

வண்டி ஓடினால்தான் ஞாயிறுதோறும் லெக்சிங்டனுக்குப் போய் டெசாவைப் பார்க்க முடியும். டெசா அவன் தங்கை ராண்டாவின் மகள். போன வருஷம் ராண்டா போதையை விடச் சிகிச்சைக்குப் போயிருந்தபோது, செப்டம்பர் கடைசிவரை அவனிடம்தான் வளர்ந்தாள். பிறகு அம்மா வந்து கூட்டிப்போய்விட்டாள். அன்றிலிருந்து அவன் வீட்டில் டிவி மட்டும்தான் பேசுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒன்றை நம்பித்தான் வெர்லின் மற்ற நாட்களைத் தள்ளுகிறான்.

"வருமானம் கம்மிதான். ஆனா கணக்குப் போட்டாத்தான் அரசாங்கம் காசு குடுக்கும்" என்றாள் டீச்சர். "போன வருஷம் உன்கூட யாராவது இருந்தாங்களா?"

"டெசா இருந்தா டீச்சர். ஜனவரிலருந்து செப்டம்பர் வரைக்கும்."

"அரை வருஷத்துக்கு மேல. அப்போ அவள நீ வளர்த்த பிள்ளைன்னு உன் பேர்ல காட்டலாம்ப்பா. ஆயிரக்கணக்குல வரும். வண்டிய ரிப்பேர் பண்ணி பெயின்டும் அடிச்சுக்கலாம்."

வெர்லின் சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். "ராண்டா போன வாரமே அவள தன் பேர்ல காட்டிட்டாளே."

"அது தப்பு. உரிமை உனக்குத்தான்."

"நானும் காட்டினா?"

"ரெண்டு பேரையும் விசாரிப்பாங்க. அவ வாங்கினதத் திருப்பிக் கட்டணும்."

ராண்டாவின் கோபம் அவனுக்குத் தெரியும். பெற்ற தாயையே இரண்டு வருஷம் வாசலோடு திருப்பி அனுப்பியவள். பணம் வந்தால் வண்டி ஓடும், சரி. ஓடிப்போய்ச் சாத்திய கதவின் முன்னால் நிற்பதற்கா?

"டெசா பேரு வேணாம் டீச்சர். என்னை மட்டும் எழுதுங்க."

"பைத்தியக்காரா, உனக்கு வர்ற காசுடா அது."

"தெரியும் டீச்சர். எழுதுங்க."

சில நூறு டாலர் தேறியது. ரிப்பேரில் பாதிக்கு ஆகும்.

அங்கே ஒருவர் எழுதியதை இன்னொருவர் முதலிலிருந்து கேட்டுச் சரிபார்க்க வேண்டும். அடுத்த மேசையில் இருந்தவர் வெளியூரிலிருந்து வந்த ஹோபார்ட், கொஞ்சம் காது மந்தம். ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார்.

"பிள்ளைங்க, வேற யாராவது, உங்க பேர்ல சேர்க்கணுமா?"

டீச்சர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இல்ல சார். நான் தனியாள்."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

அந்தக் கூடம் முழுக்கக் கேட்கும்படி வெர்லின் அதை இன்னொரு முறை சொன்னான்.