பாட்டில்லாமல் இழுக்கும் வலை

ராயபுரம் டிராம் கரண்ட் இல்லாமல் நடுவழியில் நிற்கிறது. இறங்கிக் கடற்கரைக்கு வருகிறேன். காலேஜ் பையன்கள் வெறுங்காலோடு ஃபுட்பால் பழகுகிறார்கள். பக்கத்திலேயே மீனவர்கள் கரைவலை இழுக்கிறார்கள். வழக்கமான ஏலேலோ பாட்டைத்தான் காணோம்.

"ஏன் பாடவில்லை?" என்று கயிற்றின் முனையில் நிற்பவரைக் கேட்கிறேன்.

"கோலாண்ட நெட்டையா நிக்கறான் பாரு, எம் புள்ள. பேக் ஆடறான், கோல் வுழாம தடுக்கற எடம். போன மேச்சு நடக்கசொல்ல நாங்க பாட்டு எடுத்தோம் நைனா. கயிறு புடிக்கக் கூப்புடறோம்னு நெனச்சு கடல் பக்கம் திரும்பிட்டான். எதிராளி பூந்து ஓடி கோல் போட்டுட்டான்."

"அடுத்த மேட்சிலாவது தடுப்பானா?"

"நாங்க வாய மூடிக்கினு இருந்தா தடுப்பான்."

வலை கனக்கிறது. தன்னை மறந்து அவரே பாட்டெடுக்கிறார், எல்லோரும் சேர்ந்துகொள்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒருவன் பந்தோடு கோலை நோக்கிப் பாய்கிறான். நெட்டையன் கடல் பக்கம் திரும்பவே இல்லை. குறுக்கே புகுந்து பந்தைப் பறிக்கிறான்.

"தேறிட்டான் நைனா," என்கிறார் அப்பா.

மற்றவர்கள் பாடி இழுக்கிறார்கள். கையிலிருந்து கயிறு நழுவுவதுகூடத் தெரியாமல் அவர் மகனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்.