ஹனீபா பாயைக் காப்பாத்துனது நான் இல்ல

ஹனீபா பாய் போயிட்டார்... காலைல அவர் மக மெசேஜ் அனுப்பியிருந்தா. திரும்பவும் நெஞ்சுவலியாம்.

பாலக்காடு மார்க்கெட் பக்கம் குடைக்கடை வச்சிருந்தவர். ரெண்டு வருஷம் முன்னாடி நான் மலேசியாவுக்குக் கூட்டிட்டுப் போன டூர்ல அவரும் அவர் வீட்டம்மாவும் வந்தாங்க. டூர் மேனேஜரா எனக்கு அதுதான் முதல் வெளிநாட்டு ட்ரிப்.

மெசேஜ்ல கடைசி வரி: "மலேசியாவுல அத்தா உசுரக் காப்பாத்துனது நீங்கதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டே இருப்பாங்க."

இல்ல. நான் இல்ல.

கேமரன் மலை ஏறும்போது பாய் என் சீட்டுக்கு வந்து, "தம்பி, நெஞ்ச என்னமோ அமுக்குது"ன்னார். "கேஸா இருக்கும் பாய், மேல போனா சரியாயிரும்"னு வழிக் கடைல ஒரு சோடா வாங்கிக் குடுத்தேன். ஏலப்பாறை எஸ்டேட்ல பொறந்தவன்ல... மலை ரோடு பத்தி எனக்குத் தெரியாததான்னு ஒரு நெனப்பு.

அது மட்டும் இல்ல. அன்னைக்கு ஏற்கனவே லேட்டு. மேல பாக்க வேண்டிய டீ ஃபேக்டரிய மூடிட்டா மத்தவங்க எல்லாம் என்னத்தான் புடிப்பாங்க.

கொஞ்ச நேரத்துல அவர் சட்டை தொப்பலா நனைஞ்சிருச்சு. "தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போலாம்"னாங்க அவர் வீட்டம்மா. "இந்தா வந்துருச்சும்மா"ன்னேன். ரெண்டு தடவ சொன்னேன்.

பஸ் டிரைவர் அந்த ஊர்த் தமிழர். கண்ணாடில பாத்துட்டே வந்தவர் ஓரமா நிறுத்திட்டார்.

"ஆளு இப்படி வேர்த்துக் கொட்டுறாரு, நீ மணியப் பாக்குற?"

என்கிட்ட ஒண்ணும் கேக்கல. அவரே 999க்கு அடிச்சார். ஆம்புலன்ஸ் வந்துச்சு.

நான் செஞ்சது இன்சூரன்ஸ்காரங்களுக்கு போன் பண்ணது, ஃபார்ம் நிரப்புனது. அவ்வளவுதான். "முன்னாடியே கொண்டு வந்திருந்தா இதயத்துக்கு இவ்வளவு டேமேஜ் ஆயிருக்காது"ன்னு டாக்டர் சொன்னத நான் பாய்கிட்ட சொல்லவே இல்ல.

ஊருக்கு வந்தப்புறம் ஒருதடவ கடைக்குப் போனேன். வந்த கஸ்டமர்கிட்ட எல்லாம், "இந்தத் தம்பி இல்லன்னா நான் அங்கயே மவுத்து"ன்னார். நான் சிரிச்சிட்டு நின்னேன். மேல் ரேக்ல இருந்து ஒரு குடைய எடுத்ததுக்கே அவருக்கு மூச்சு வாங்குச்சு.

அதுக்கப்புறம் போகல. அவர் போன் பண்ணாலும் டூர்ல இருக்கேன்னு சொல்லிருவேன்...

இன்னைக்கு போன் பண்ணேன். அவர் வீட்டம்மாதான் பேசுனாங்க. டாக்டர் சொன்னது உட்பட எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

"அவுங்களுக்குத் தெரியாதா தம்பி? அந்த பஸ்ஸுலதான இருந்தாங்க. 'அந்தப் பையன் பயந்து போயிட்டான், எதும் கேட்டுராத'ன்னு என் வாய அடைச்சிட்டாங்க."

அப்புறம் சொன்னாங்க, "எனக்குத்தான் இன்னும் ஆறல."

சாயங்காலம் அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். பாலக்காடு பஸ்ஸுல ஏறிட்டேன்.

மன்னிச்சிருங்க பாய்... வந்துட்டு இருக்கேன்.