பாண்டிச்சேரியிலிருந்து வந்த மக்கரோன் கடிதங்கள்

உத்திரமேரூர் சுலோச்சனா எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அவள் புருஷன் தாமோதரனுக்குக் கையெழுத்துப் போடக்கூடத் தெரியாது. ஏரி வறண்டு நிலம் தரிசாகக் கிடந்த வருஷம் அவன் பாண்டிச்சேரிக்குப் போய், ஒரு பிரெஞ்சுக்காரி வீட்டில் தோட்டக்காரனாகச் சேர்ந்தான். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவான். அவர்களுக்குக் குழந்தை இல்லை.

1978 தீபாவளிக்கு வந்தவன் ஒரு தகர டப்பாவைக் கொடுத்தான். உள்ளே ரோஸ் நிறத்தில் நாலு பிஸ்கோத்து, ஒவ்வொன்றும் இரண்டு வில்லையாக ஒட்டி, நடுவில் வெண்ணெய்க் குழைவு. கடித்தால் மேலோடு நொறுங்கி, உள்ளே மெத்தென்று கரைந்தது.

"இதுக்கு இன்னா பேரு?"

"மக்கரோன்னு சொல்றாங்க. மேடம் வூட்ல பண்ணது."

"எப்பிடிப் பண்றதுன்னு கேட்டு, யாரையாவது வுட்டு எழுதி அனுப்பு. அடுத்த தபா வரச்சே நானே பண்ணி வெக்கிறேன்."

தாமோதரன் தலையை ஆட்டினான்.

பத்து நாளில் கடிதம் வந்தது. குண்டு குண்டான, அழகான கையெழுத்து. தபாலாபீஸ் வாசலில் எழுதிக் கொடுக்கிறவர் யாரோ என்று நினைத்துக்கொண்டாள். பாதாம் கிடைக்காவிட்டால் முந்திரி போதும், எண்ணெய் கசியாமல் இடித்துச் சலிக்க வேண்டும். முட்டையின் வெள்ளைக் கருவைப் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்கு அடிக்க வேண்டும். வெந்ததும் அடியில் சுற்றிலும் நுரை விளிம்பு எழும்பும், அதற்குப் பாதம் என்று பேர். கடைசி வரியில், 'கை பத்திரம், சுட்டுக்கொள்ளாதே' என்றிருந்தது. தாமோதரன் நேரில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. சுலோச்சனா அந்த வரியை நாலு தடவை படித்தாள்.

காதர் கடையில் முந்திரி வாங்கினாள். இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, மூடிமேல் தணல் கொட்டி வேகவைத்தாள். முதல் தடவை எல்லாம் வெடித்தது. அதைப் பாண்டிச்சேரிக்கு எழுதிப் போட்டாள். 'ஊற்றியதும் அடுப்பில் வைக்காதே, விரலில் ஒட்டாத வரை காயவிடு' என்று பதில் வந்தது. இரண்டாம் தடவை அப்பளம் மாதிரி தட்டையாகிப்போனது. 'மாவை ரொம்பக் கலக்கிவிட்டாய். கரண்டியிலிருந்து நாடா மாதிரி விழுந்தால் நிறுத்திவிடு.' இப்படியே ஏழெட்டு மாதம் போனது. தாமோதரன் வருவது குறைந்தாலும் கடிதம் தவறாமல் வந்தது. ஒவ்வொன்றிலும் கை பத்திரம் என்ற வரி இருந்தது.

ஆடியில் ஒருநாள் மூடியைத் திறந்தபோது பதினோரு வில்லைக்கும் பாதம் எழும்பியிருந்தது. அவன் வரும்வரை பொறுக்க மனசில்லை. நல்ல புடவை கட்டி, டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

விசாரித்துப் போய் மேடம் வீட்டுக் கதவைத் தட்டினாள். இடுப்பில் பெண் குழந்தையோடு ஒருத்தி திறந்தாள். அந்த வீட்டுச் சமையல்காரி, பவளம் என்று பேர்.

"யாரும்மா?"

"உத்திரமேரூரு. தாமோதரன் சம்சாரம்."

 பவளம் டப்பாவைப் பார்த்து, "பாதம் வந்துச்சா?" என்றாள்.

அதற்குள் தோட்டத்துப் பக்கமிருந்து தாமோதரன் மண்வெட்டியோடு வந்தான். குழந்தை "நைனா" என்று அவனிடம் தாவியது.

சுலோச்சனா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பவளமும் எதிரே உட்கார்ந்தாள்.

"கல்யாணம் ஆனவருன்னு எனக்குத் தெரியாது. இவ பொறந்த பொறவுதான் ஒனக்கு லெட்டர் எழுதச் சொன்னாரு. அப்பத்தான் தெரிஞ்சிது."

"தெரிஞ்சும் எதுக்கு எழுதின?"

"வேற இன்னா பண்றதுன்னு தெரியல. இதையாவது தப்பில்லாம சொல்லிக் குடுக்கலாம்னு."

சுலோச்சனா டப்பாவைப் படியில் வைத்தாள். அப்புறம் கேட்டாள்: "கை பத்திரம்னு கடைசில வருமே. அது அவரு சொன்னதா?"

பவளம் இல்லை என்று தலையாட்டினாள்.

அதுவரை அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் சுலோச்சனாவுக்கு வந்தது.  தாமோதரன், "சுலோ" என்று கூப்பிட்டான். அவள் திரும்பிப் பார்க்காமல் எழுந்து பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தாள்.

பொங்கலுக்கு அவன் வந்தபோது வாசலிலேயே நிறுத்தினாள். "அந்தக் கொயந்தய ஏமாத்தாத. போ" என்றாள். மூன்று வருஷம் கழித்துப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கும் வேலை கிடைத்தது. ஊரில் யாராவது புருஷனைப் பற்றிக் கேட்டால், "பாண்டில கீறாரு" என்பாள்.