ஈனிட் டீச்சர் அளந்து பார்க்காத தபால்தலை

புனே பக்கம் தேஹு ரோட்டில் ஈனிட் டீச்சர் வீட்டுக்கு ஆட்கள் வந்துபோவதைப் பார்த்து, புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதோ ட்யூஷன் நடக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். டீச்சர் பள்ளிக்கூடத்தை விட்டு எவ்வளவோ காலமாயிற்று. வருகிறவர்கள் கொண்டுவருவது பழைய அமெரிக்கத் தபால்தலைகளை. இது எந்த அச்சு, எந்தக் காலம், என்ன பெறும் என்று கேட்க புனேயின் நாலு மூலையிலிருந்தும் வருவார்கள். டீச்சரும் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுவார். கேட்டவர் முகம் தொங்கிப்போகிறதே என்றெல்லாம் பார்க்கமாட்டார்.

இந்தப் பைத்தியம் பிடித்ததே கணவர் ஜார்ஜால்தான். ராணுவ டிப்போவில் கிளார்க்காக இருந்த மனிதர். தங்கமான ஆள், ஆனால் எந்தக் காகிதத்துக்கும் ஓரம் பிசிறாக இருந்தால் அவருக்கு ஆகாது. உடனே கத்தரியை எடுத்துவிடுவார். காலண்டர் தப்பவில்லை, ஞானஸ்நானச் சர்டிபிகேட் தப்பவில்லை. கல்யாண போட்டோவில் ஓரமாக நின்ற டீச்சரின் தம்பிக்கு ஒரு காதே போய்விட்டது.

அப்பேர்ப்பட்ட ஜார்ஜ், கல்யாணமான புதிதில் பழைய பேப்பர் விற்கும் ரத்திக் கடையிலிருந்து, அமெரிக்க மிஷனுக்கு வந்த பழைய கடித உறைகளை ஒரு கட்டு வாங்கிவந்தார். அதிலிருந்து ஒரு சிவப்புத் தபால்தலையைத் தண்ணீரில் ஊறவைத்து எடுத்து, மனைவிக்குக் கொடுத்தார். இரண்டு சென்ட், வாஷிங்டன் தலை. மேலேயும் கீழேயும், கிழிப்பதற்காகத் துளையிட்ட பல் இருந்தது. இடமும் வலமும் மொழுமொழுவென்று நேராக இருந்தன.

“நான் கை வைக்கல ஈனிட். இப்படியேதான் இருந்துச்சு” என்றார்.

டீச்சர் சிரித்தார். கத்தரிக்கோல் மேஜைமேலேயே கிடந்தது, வேறு என்ன செய்வார்! ஜார்ஜ் அதன்பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

ஆனால் டீச்சருக்கு மனசு ஆறவில்லை. அது என்ன தலை, ஏன் இரண்டு பக்கம் மட்டும் பல் என்று தேடித்தேடிப் படித்தார். அமெரிக்காவில் அந்தக் காலத்திலேயே காசு போட்டால் தபால்தலை தரும் இயந்திரம் இருந்ததாம். அதற்காக நாடாபோல நீளமாகச் சுருட்டி அடித்த தலைகளுக்கு இரண்டு பக்கம் பல் இருக்காதாம். நாலு பக்கமும் பல்லோடு தாளாக அடித்தது மலிந்து கிடக்கிறது, சுருள் கிடைப்பது அபூர்வம். அதனால் சும்மா கிடைக்கிற தலையின் பல்லை வெட்டிவிட்டுச் சுருள் என்று விற்கிற எத்தர்களும் உண்டு. வெட்டியதா இல்லையா என்று கண்டுபிடிப்பதில் டீச்சர் கெட்டிக்காரியானார். ஜார்ஜ் கொடுத்த தலையை மட்டும் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்து அப்படியே மூடிவிட்டார். வெட்டியிருந்தால், புருஷன் ஆசையாகக் கொடுத்த முதல் பொருளே பொய் என்றாகிவிடுமே. ஜார்ஜ் போய்ச் சேர்ந்த பிறகும் அதை அளந்து பார்க்க டீச்சருக்குத் துணிச்சல் வரவில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து நிக்டியிலிருந்து ஹரிபிரசாத் வந்தான். கோயம்புத்தூர்க்காரன், ஐ.டி. வேலை. இணையத்தில் சுருள் தலை ஒன்றை வாங்கிவிட்டு, தரையில் கால் பாவாமல் வந்திருந்தான். டீச்சர் பல் உள்ள சாதாரணத் தலை ஒன்றைக் கீழே வைத்து, அதன்மேல் அவனுடையதை வைத்தார். இரண்டு பக்கமும் கீழே இருந்த தலை எட்டிப் பார்த்தது.

“ஒல்லியா இருக்கு பாருங்க தம்பி. நெசமான சுருள் அடியில உள்ளதவிட ஒடுங்கி இருக்காது. வெட்டியிருக்கான். ஒரு வடாபாவ் விலைகூடப் பெறாது.”

ஹரிக்கு முகம் செத்துப்போயிற்று. வந்த எரிச்சலில் ஆல்பத்தைப் புரட்டினவன் முதல் பக்கத்தில் நின்றான். “ஏனுங்க டீச்சர், இதுவுஞ் சுருள்தானுங்க? இத அளந்து பாத்தீங்களா?”

“இல்ல.”

“எல்லாருதையும் அளக்கறீங்க, உங்களுத விட்டுட்டீங்களே?”

கேள்வி நியாயமானது. டீச்சருக்குக் கோபம் வந்தது, அவன்மேல் இல்லை. இத்தனை நாள் பயந்துகொண்டிருந்த தன்மேல். இடுக்கியால் தலையை எடுத்தார். ‘வெட்டியிருந்தா வெட்டியிருக்கட்டும், ஆசையிலதான வெட்டியிருப்பாரு’ என்று மனசுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டே அந்தச் சாதாரணத் தலையின்மேல் வைத்தார்.

கீழே இருந்த தலை ஒரு பக்கமும் தெரியவில்லை. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். இரண்டு ஓரமும் கோணல் இல்லாமல் ஒரே சீராக ஓடின. மேல் கீழ்ப் பற்களைப் பல் அளக்கிற அளவுகோல் அட்டையில் வைத்தார், அதுவும் பொருந்தியது. லைட்டர் திரவம் ஒரு சொட்டு விட்டுக் காகிதத்துக்குள் மறைந்திருக்கும் நீர்க்குறியைப் பார்த்தார். அதுவும் சரி.

“நிபுணர்கிட்ட சர்டிபிகேட் வாங்காம முடிவாச் சொல்ல மாட்டேன்” என்றார் மெதுவாக. “ஆனா இதுல கத்தரி படல.”

“அப்ப அதிர்ஷ்டமுங்க! இதுக்கு நல்ல விலை வருமுங்களே” என்றான் ஹரி. தன் நஷ்டத்தை மறந்து அவனுக்கே சந்தோஷம்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம்தான் வந்திருக்க வேண்டும். அழுகைதான் வந்தது.

“என்னாச்சுங்க டீச்சர்?”

“கண்டதையும் வெட்டுத மனுஷன் தம்பி, இத ஒண்ண வெட்டாம கொண்டாந்து குடுத்திருக்காரு. கை வைக்கலன்னு வாயால சொல்லவுஞ் செஞ்சாரு. நான் சிரிச்சேன்.” முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “நான் நம்பலன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சும், சாகுத வரைக்கும், நெசத்தத்தான் சொன்னேன்னு மறுபடி ஒரு வார்த்த சொல்லல பாருங்க.”