தைலக்காரி வெளியே நின்றாள்

கொடைக்கானலில் யாருக்குச் சளி பிடித்தாலும் உபகாரம் என்ற பெண்ணைத் தேடி வருவார்கள். யூக்கலிப்டஸ் இலையை வேகவைத்துத் தைலம் இறக்கும் கொட்டகையில் சிறுவயதிலிருந்தே அவளுக்கு வேலை. மூக்கடைப்போ மூட்டுவலியோ, அவள் கையால் தேய்த்தால்தான் கேட்கும் என்று அக்கம்பக்கத்தில் நம்பினார்கள்.

1986இல் அவளுக்கு ஏழாம் மாதத்திலேயே பெண் பிறந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் வாரக்கணக்கில் மூச்சு மெஷினிலும் ஆக்ஸிஜனிலும் கிடந்து பிழைத்த குழந்தை. நுரையீரல் தழும்பேறியிருக்கிறது, சின்னச் சளிகூட ஆபத்து என்று சொல்லி அனுப்பினார்கள்.

ஐப்பசி மழையில் குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. ஊருக்கெல்லாம் செய்ததைத் தன் பிள்ளைக்கும் செய்தாள் உபகாரம். நெஞ்சிலும் மூக்கடியிலும் தைலம் தடவினாள். சற்று நேரத்தில் விலா உள்ளே இழுத்தது. உதடு நீலம் பாரித்தது.

கணவன் ஜெபதுரை டாக்சி ஓட்டுபவன். ஊரிலிருந்த சின்ன ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்தியபோது அங்கே கரண்ட் இல்லை. மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. ஆக்ஸிஜன் சிலிண்டர் ஏற்றிய லாரியோ மண்சரிவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

குழந்தையை வாங்கிய நர்ஸ் கித்தேரியம்மாள் முகத்தைச் சுளித்தார்.

"என்னத்தத் தேச்ச?"

"தைலந்தேன் சிஸ்டர். நல்லதுன்னு..."

"பச்சப்புள்ளைக்கு அதுல மூச்சுக்குழா இன்னுஞ் சுருங்கும்த்தா. ஒஞ் சேலை பூரா அதே வாடை. வெளிய நில்லு!"

சுருங்கிய குழாயை விரிக்கும் மருந்தைப் பனிபோலாக்கி முகமூடி வழியே கொடுக்கும் மெஷின், கரண்ட் இல்லாமல் சும்மா கிடந்தது.

"துரை, வண்டில கால் பம்பு கெடக்கா?"

"டயருக்கு அடிக்கிறதுங்க."

"அதுதேன். வெரசா எடுத்தா."

பம்பின் குழாயைத் துடைத்து, முகமூடியோடு இணைந்த மருந்துக் கிண்ணத்தில் மாட்டினார் கித்தேரியம்மாள். ஜெபதுரை மிதிக்க மிதிக்க, அந்தக் காற்றில் மருந்து புகையாகக் கிளம்பியது.

ஜன்னல் கண்ணாடியில் நீராவி படிந்திருந்தது. மழையில் நின்ற உபகாரத்துக்குப் பம்பு மூச்சிரைக்கும் சத்தம் மட்டுமே கேட்டது.

"நிறுத்தாத! பொகை நிக்குது பாரு."

"காலு மரத்துப்போச்சு சிஸ்டர்."

"டூரிஸ்ட்டு பொட்டியத் தூக்குறப்ப மரக்காதோ? மத்தக் காலால மிதி!"

திடீரென்று பம்பு நின்றது. உபகாரம் கதவைத் தள்ளப் போனாள். கையிலிருந்த வாடை மூக்கில் ஏற, அப்படியே கையை இழுத்துக்கொண்டாள்.

ஜன்னல் திறந்தது.

"மருந்து தீந்துச்சு, அடுத்தது ஊத்தணும். ஒதடு தெளிஞ்சிருக்கு. நீ போயி நல்லாச் சோப்புப் போட்டுக் குளி. எஞ் சேலை ஒண்ணு கொடில கெடக்கு, கட்டிக்கிட்டு வா. புள்ள பாலுக்குத் தேடுது."

தோல் சிவக்கத் தேய்த்தும் விரலிடுக்கில் வாசனை போகவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டுதான் மகளை வாங்கினாள்.

அதன்பின் கொட்டகைக்கு அவள் போகவில்லை. கவுஞ்சி கிராமத்துத் தோட்டங்களில் களையெடுக்கப் போனாள். கால் பம்பு ஆஸ்பத்திரியிலேயே தங்கிவிட்டது. டயர் இறங்கும்போதெல்லாம் ஜெபதுரை அடுத்த வண்டிக்காரனிடம் இரவல் கேட்டான்.