என்னோட கதைங்க, டொக்டர்

பாலாவி உப்பளத்தில் பத்தொன்பது வருடம் உப்பு வாரியவள் சுல்பா. அவள் ஒரு வரப்பில் நின்று கூப்பிட்டால் தூரத்து வீதியில் போகும் லொறிக்காரன்கூடத் திரும்பிப் பார்ப்பான். அவ்வளவு பெரிய குரல். ஆனால் அவளுக்கு நோய் வந்தபோது அவளிடம் நேராகக் கதைக்க ஒருவரும் தயாராக இல்லை.

நாற்பத்தேழாவது வயதில் இடது மார்பில் புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. புத்தளம் டவுனில் ஒரு தனியார் டிஸ்பென்சரிக்குப் போனாள். அங்கிருந்த வைத்தியர் கதிரையை விட்டு எழும்பவே இல்லை. "இந்த வயசுல இப்படித்தான் வரும்" என்று சொல்லி விற்றமின் எழுதிக் கொடுத்தார். ஏழு மாதம் அந்தக் குளிசையை விழுங்கினாள். கட்டி வளர்ந்தது, மேல்தோல் உள்ளே இழுபட்டது. கிணற்றடியில் அதைக் கண்ட தங்கை அஸ்ரியா, மறுநாளே அவளைப் பெரிய ஆசுபத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

சதை எடுத்துப் பரிசோதித்தார்கள். முடிவு வந்த நாளில் கணவன் மஸாஹிர் வேலைக்குப் போகாமல் கூடவே வந்தான். டொக்டர் கோப்பைத் திறந்து, அவனைப் பார்த்துச் சொன்னார்.

"மனைவியைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க."

"நான் ஏன் வெளிய போகணும்?" என்றாள் சுல்பா. "கட்டி அவர்டயா, என்டயா? என்னோட கதைங்க, டொக்டர்."

"ஓம் சேர், அவட்டயே சொல்லுங்க" என்றான் மஸாஹிர். "எனக்குச் சொன்னா நான்தான் இந்த இடத்துலயே விழுந்துடுவன்."

டொக்டர் சொன்னார். புற்றுநோய். மார்பை முழுதாக எடுக்க வேண்டும், பிறகு மருந்து ஏற்ற வேண்டும்.

"ஏழு மாசத்துக்கு முந்தி வந்திருந்தா?"

அவர் கோப்பைப் பார்த்தார். "முழுசா எடுக்காமத் தப்பியிருக்கலாம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் அழுதாள். பயத்தில் வந்த அழுகை அல்ல அது. புத்தளத்தில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேராக அந்த டிஸ்பென்சரிக்குள் நுழைந்தாள். காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, பரிசோதனை முடிவை மேசையில் வைத்தாள்.

"தொட்டுப் பாக்க ஒங்களுக்கு வெக்கமெண்டா, ஒரு பொம்புள டொக்டர்ட அனுப்பியிருக்கலாமே. ஒரு துண்டு எழுத எவ்வளவு நேரம் போகும்?"

"சத்தம் போடாதீங்க" என்றார் வைத்தியர்.

"இது சத்தமில்ல சேர். நான் கதைக்கிறதே இப்படித்தான்."

அறுவைச் சிகிச்சை முடிந்தது. மருந்து ஏற்றத் தொடங்கியதும் முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது. சட்டைக்குள் வைக்க அஸ்ரியா ஒரு துணிப்பை தைத்தாள். பஞ்சு பாரமில்லாமல் மேலே ஏறுகிறது என்று அதற்குள் பயறு நிரப்பினாள். ஒரு நாள் மழையில் நனைந்து வந்து, காய வைக்க மறந்து, இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பயறு முளை விட்டிருந்தது.

"ராத்தா, இண்டைக்குக் கறிக்கு வேற ஒண்டும் தேவல்ல" என்றாள் அஸ்ரியா. வாய்ப்புண்ணோடு சுல்பா சிரித்தாள், வலித்தது, மறுபடியும் சிரித்தாள்.

அந்த நாட்களில்தான் மஸாஹிரின் தாய்மாமன் சாஹுல் ஹமீது அப்பிள் பையோடு நோயாளி பார்க்க வந்தார். சுல்பா திரைச்சீலைக்குப் பின்னால் படுத்திருக்க, மருமகனிடம் குரலைத் தாழ்த்தினார்.

"ஒனக்கு இன்னும் அம்பது வயசாகல்ல. ஒரு நிக்காஹ் செஞ்சா அவக்கும் ஒத்தாசயா இருக்கும்."

சுல்பா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

"பொண்ணு பாத்திட்டீங்களா மாமா? ஈரல், கிட்னி எல்லாம் செக் பண்ணி எடுங்க. இல்லாட்டி மூணாவது ஒண்டும் தேட வேண்டி வரும்."

மஸாஹிர் சிரிக்கவில்லை. முகம் கறுத்திருந்தது.

"மாமா, போன வருசம் நான் முதுகு போய் மூணு மாசம் கட்டில்ல கிடந்தன். என்னத் தூக்கிக் கழுவினது இவதான். அப்ப இவக்கு வேற மாப்புள பாக்க ஏன் நீங்க வரல்ல?"

தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்க, மாமா செருப்பைத் தேடினார். அப்பிள் பையையும் மறக்காமல் அவர் கையில் கொடுத்தனுப்பினான் மஸாஹிர்.

இப்போது இரண்டு வருடம் ஆகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கிளினிக் போகிறாள். நோய் திரும்பவில்லை. இடது கை வீங்குவதால் உப்பு வார முடியாது. "வீட்டுல இருங்க" என்ற மேற்பார்வையாளரோடு ஒரு வாரம் மல்லுக்கட்டி, உப்பு மூட்டை தைக்கிற வேலையை வாங்கிக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில், கட்டி இருக்கிறதா என்று எப்படித் தடவிப் பார்ப்பது என மற்றப் பெண்களுக்குக் காட்டிக் கொடுக்கிறாள். வெட்கப்படுகிறவளுக்கு ஏச்சும் விழும்.

டிஸ்பென்சரி வைத்தியர் அதே கதிரையில்தான் இருக்கிறார். அவரைப் பற்றிச் சுகாதார மேலிடத்துக்குச் சுல்பா அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் "கிடைத்தது" என்று ஒரு வரிப் பதில்தான் வந்தது. மூன்றாவதை இப்போது அஸ்ரியா எழுதிக்கொண்டிருக்கிறாள். 'தயவுசெய்து' என்று தொடங்கிய இடத்தைச் சுல்பா வெட்டச் சொன்னாள்.