நாக்குத் தோலும் மூன்று கொள்கைகளும்

மாதனூரில் கம்பெனி பஸ் ஏறி, ஆம்பூர் ஷூ கம்பெனிக்குத் தைக்கப் போகிறவள் நான். அங்கே தொழுகையில் எல்லாரும் ஒன்றாகக் குனிவதைப் பார்த்து, பாய்மார் நினைப்பும் ஒன்றுதான் என்று இருந்தேன். நான் செய்த ஒரு தப்பு அந்த எண்ணத்தைக் கெடுத்தது.

ஷூவில் லேஸுக்கு அடியில் வருகிற நாக்கைத் தைக்கும்போது தோலின் வழவழப்பான பக்கம் வெளியே வரவேண்டும். ஒரு வெள்ளிக்கிழமை, காலை முழுக்கச் சொரசொரப்பை வெளியே வைத்துத் தைத்துத் தொலைத்தேன். என்னை நிரந்தரம் செய்யப்போகிற மாதம் அது. ஒரு மெமோ வந்தால் நிரந்தரம் கோவிந்தா.

ஜும்மா தொழுகை முடிந்து, இது யார் தப்பு என்று முடிவு பண்ண மூன்று பேர் மேனேஜர் ரூமில் கூடினார்கள். நான் கதவோரம் நின்றேன். உருதும் தமிழுமாகப் பேச்சு ஓடியது.

"எல்லாம் அல்லாஹ் நாட்டம். ஊசி எங்க எறங்கணும்னு அவன் எப்பவோ முடிவு பண்ணிட்டான்" என்றார் சூப்பர்வைசர். காலையெல்லாம் லைனைப் பார்க்காமல் போனில் இருந்தவர். விதி அவருக்கு ரொம்ப வசதி.

கட்டிங் மாஸ்டர் விடவில்லை. "அப்போ தண்டனை எதுக்கு பாய்? அல்லாஹ் நீதிமான். மனுஷனுக்கு அறிவு கொடுத்துட்டான், செய்யறது மனுஷன்தான். இதெல்லாம் ஈராக்குல, பஸ்ராவுல ஆயிரம் வருஷம் முன்னாடியே பேசிட்டாங்க." இவர் தோலில் பக்கம் குறிக்காமல் அனுப்பியதைப் பற்றி பஸ்ராவில் யாரும் பேசவில்லை போல.

"ரெண்டுமே ஜாஸ்தி" என்றார் மேனேஜர். "செயலைப் படைக்கறது அல்லாஹ். அதைச் சம்பாதிச்சிக்கறது மனுஷன், பொறுப்பும் அவனோடதுதான். நடு வழி அதான்."

டீ ஆறிப்போனது. சத்தியமாகச் சொல்கிறேன், கேட்கக் கேட்க ஆசையாக இருந்தது. எங்கள் வீட்டில் சாமியைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் யாருமில்லை. கடைசியில் நடு வழிதான் ஜெயித்தது, மெமோ என் பேருக்கு வந்தது.

சாயங்காலம் சரக்குப் பார்க்க வந்த வெளிநாட்டுக்காரர் அந்த நாக்கைத் தடவித் தடவிப் பார்த்தார். இதுதான் அழகு, மொத்த ஆர்டரும் இப்படியே வேண்டும் என்றார்.

"நான் பக்கத்துல நின்னு செய்ய வெச்சது சார்" என்றார் விதியை நம்பிய சூப்பர்வைசர்.

"இவ இன்னா செஞ்சா? எல்லாம் அல்லாஹ் நாட்டம்" என்றார் அறிவை நம்பிய கட்டிங் மாஸ்டர்.

நேரே மேனேஜரிடம் போனேன். "சார், அந்த மெமோவைக் கிழிச்சிடலாமா?"

அவரும் நடு வழியை விட்டு இறங்கிவிட்டார். "ஆபீஸுக்கு அனுப்பிட்டேனேம்மா. அது உன் விதி, நாம இன்னா பண்ண முடியும்?"

திங்கட்கிழமையிலிருந்து லைன் முழுக்கச் சொரசொரப்பை வெளியே வைத்துத் தைக்கிறது. எப்படித் தைப்பது என்று எல்லாருக்கும் கற்றுக்கொடுப்பது நான்தான். இன்னும் தற்காலிகமாகத்தான் இருக்கிறேன்.